நிழல் அழுத்தம்

அடுப்பைப் பற்றவைக்க ஜெனோவாவுக்கு ஒரு கையும் ஒரு முழங்கையும் ஒரு கரண்டியும் வேண்டியிருந்தன. அடுப்பின் முகப்பில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு விசைகள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் தீ வரும். குழந்தைகள் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று எவனோ யோசித்துச் செய்த ஏற்பாடு. போன வருஷம் வந்த வாதம், காலையும் வாயையும் விட்டுவிட்டு இடக்கையை மட்டும் மடக்கிப் போட்டுப் போனதிலிருந்து, அந்த யோசனைக்காரனைத் தினமும் காலையில் ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் அவள் தேநீர் போட்டாள்.

"கரண்டியப் புடிச்சு அடுப்போட மல்லுக்கட்டுதியே, என்னையக் கூப்பிட்டா என்ன?" ரொசாரி வாசலில் வந்து நின்றாள். ஜெனோவாவுடைய அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கட்டுப்பாட்டு அறையில் இருவரும் வேலை பார்த்தார்கள்.

"ஒங்களக் கூப்பிட்டா ரெண்டு பங்கு சீனி விழும் மதினி. கரண்டியே தேவல."

"சீனிய விடு. இன்னைக்கு சோதனைக்கு ஆள் வருது. கையப் பாப்பாவ."

"பாக்கட்டும். மறைச்சா வச்சிருக்கேன்?"

"அது இல்லட்டி. போன வருஷம் தெர்மல் நகர்ல ஒருத்திக்குப் பெருவிரல் போச்சுன்னு கோவில்பட்டிப் பதிவறைக்கு மாத்திட்டாவ. அங்க கடலும் கிடையாது, நானும் கிடையாது."

ஜெனோவா கரண்டியைக் கழுவி வைத்தாள். பதினேழு வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரே சன்னல் அகலத்துக்குக் கடல் இருந்தது. கோவில்பட்டியில் சன்னலுக்கு எதிரே என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

கடற்சுவரின் மேல் ஓடும் சுவர்வண்டியின் நிறுத்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் மூடிய கதவைப் பார்த்து, "கதவைத் திற, தயவுசெய்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"அதுக்குக் காது கிடையாது சார்," என்றாள் ரொசாரி. "பச்சை விசைய அமுக்குங்க."

"எங்க தீவுல சொன்னா கேக்கும்மா."

"இங்கயும் கேட்டுச்சு. யாரு சொன்னாலும் கேட்டுச்சு. அதுதான் வினையாப் போச்சு."

அவள் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. குரல்களைக் களவாடத் தெரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. தாயின் குரலில் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். மருத்துவரின் குரலில் மருந்தை மாற்றினார்கள். முகமும் அப்படியே களவு போயிற்று. கடைசியில் சட்டம் வந்தது. எந்த இயந்திரமும் யார் பேச்சையும் கேட்காது, யார் முகத்தையும் நம்பாது. உடம்போடு நேரில் வந்து விரலால் அழுத்தினால் மட்டுமே அசையும். அதோடு உலகம் மறுபடி விசைகளால் நிறைந்தது. அடுப்புக்கும் கதவுக்கும் கப்பலுக்கும் விசைப்பலகைகள் வந்தன. எந்த விசை எந்தச் செயலோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்குப் பிணைப்பு என்று பெயர். பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு முன்னால் பிணைப்பைப் படித்தார்கள். கள்ளக் குரலைப் பற்றி அத்தனை யோசித்த சட்டம், கைகள் எல்லாம் ஒன்று போல இருக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறை சுவரின் உச்சியில் இருந்தது. அதன் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் படகுத்துறை, அதன் உள்கரைக்கு அப்பால், அலைமட்டத்துக்கு இரண்டு ஆள் உயரம் கீழே தூத்துக்குடி. ஊரையும் கடலையும் பிரிக்கும் சுவரில் பதினொரு அலைக்கதவுகள் இருந்தன. படகுகள் அவற்றின் வழியே போய்வரும். சாதாரண நாளில் ஒவ்வொரு கதவாக, மெனுவுக்குள் மெனு திறந்து, நிதானமாக மூடித் திறப்பார்கள். பேரலை கிளம்பிவிட்டால் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. அதற்காகவே மெனுவின் அடியில் சிவப்பில் ஒரு வரி இருந்தது: 'எல்லாக் கதவும் மூடு.' தவறிப் பட்டுவிடக் கூடாது என்று அந்த வரியைத் திரையில் தொட்டால் அசையாதபடி வைத்திருந்தார்கள், விசையால் மட்டும்தான். அதன் வலப்பக்கம் ஷார்ட்கட் எழுதியிருந்தது: கட்டு + உயர் + ம. ஊரில் அதை மூவிசை என்பார்கள். விசைப்பலகையின் இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டு கையும் விரிந்தால்தான் எட்டும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை மணி அடித்தது. மேசைக்கு ஒருவராக ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று விசைகளுக்கும் ஒரு நூல் உயரத்தில் விரல்களை நிறுத்தி, தொடாமல், "மூடினோம்" என்று சொல்லிக் கைகளை எடுத்தார்கள். இதற்கு நிழல் அழுத்தம் என்று பெயர். நிஜமாக அழுத்தினால் கடலுக்குப் போன படகெல்லாம் வெளியே மாட்டிக்கொள்ளும் என்பதால் கதவு வைத்த நாளிலிருந்து இப்படித்தான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஜெனோவாவின் வலக்கை இரண்டு விசைகளின் மேல் நின்றது. இடக்கை மடியிலேயே கிடந்தது.

தேர்வாளர் அருமைநாயகம் அவள் பின்னால் வந்து நின்றார். ஒல்லியான மனிதர். மாநிலத்தின் கதவுக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு நிழல் அழுத்தம் சொல்லிக்கொடுத்தவர். படிவத்தில் 'கை: தகுதி உண்டு / இல்லை' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"எத்தனை நாளா இப்படிம்மா?"

"பதினோரு மாசம் சார்."

"மருந்துல சரியாகுமா?"

"இதுக்கு மேல ஆகாதுன்னுட்டாவ."

அவர் பேனாவை நகர்த்தும் முன் ஜெனோவா சொன்னாள். "ஒரு நிமிஷம் சார். என் மேசைக்கு நான் தனிப் பிணைப்பு எழுதிக்கலாம்னு விதியில இருக்கு. மூணையும் சேத்து அழுத்த எனக்குக் கை இல்ல. ஒண்ணு மாத்தி ஒண்ணு தட்டலாம்லா? எஃப் ஒன்பது, பத்து, பதினொண்ணு, ரெண்டு நொடிக்குள்ள வரிசையா. ஒரு கை போதும்."

"பூனை மேல நடந்தா?"

"அந்த வரிசையில நடக்குற பூனைய வேலைக்கு வச்சுக்கிடலாம் சார்," என்றாள் ரொசாரி பக்கத்து மேசையிலிருந்து.

அருமைநாயகம் சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தைக் கீழே வைத்தார். "விதியில இருக்கு. அதுலயே இன்னொண்ணும் இருக்கும்மா. மாற்றுப் பிணைப்பு, மூவிசை என்ன செய்யுமோ அதையே செய்யணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எழுதிக் காட்டினா போதாது, நிரூபிக்கணும்."

"நிரூபிக்கணும்னா ரெண்டையும் நிஜமா அழுத்தணுமே சார்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"படகு வெளிய இருக்குமே," என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது அந்தக் கரையில் இயந்திரங்களுக்கு முந்திய வழக்கம். அருமைநாயகம் வெகுநேரம் சன்னல் வழியே படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயிறு பதினொரு மணி" என்று எழுதிக்கொண்டார். "அது சரியா நடந்தா நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா திங்கட்கிழமை கோவில்பட்டி."

அந்த வாரம் முழுக்க ஜெனோவா வேலை முடிந்ததும் பிணைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விசை ஒன்றை அழுத்தினால் அது நேராகக் கதவுக்குப் போய்விடுவதில்லை என்பதை அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். திரையில் கவனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அது முதலில் கேட்கும். பிறகு அந்தக் கட்டம் இருக்கிற சாளரம் கேட்கும். கடைசியில் முழுச் செயலியும் கேட்கும். பேரன் கேட்டதை அப்பாவும் கேட்டு, தாத்தாவும் கேட்கிற மாதிரி. நடுவில் யாராவது 'போதும்' என்று நிறுத்தினால் மேலே போகாது. யாரிடமும் பிணைப்பு இல்லாவிட்டால் அழுத்தியது காற்றோடு போகும்.

அவளுடைய வரி சுலபமாக வந்தது. இந்த மூன்று விசை இந்த வரிசையில் வந்தால், இந்தச் செயல். அவ்வளவுதான். செயலின் பெயரைத் தேடி எடுத்தாள். இனி மூவிசையும் அதே செயலைத்தான் அழைக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். மூவிசையைத் தேடினாள்.

வியாழக்கிழமை ரொசாரி தன் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது ஜெனோவா சொன்னாள். "மதினி, மூவிசையக் காணும்."

"கீபோர்டுலதான இருக்கு."

"கீபோர்டுல இருக்கு. மெனுவுல பேரு இருக்கு. பட்டியல்ல இல்ல."

ரொசாரி கத்தியை நிறுத்தினாள். "பேரு இருந்தா இருக்கத்தான செய்யும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மெனுவுல எழுதுறது வேற வரி, பிணைக்கிறது வேற வரி. மெனுவுல எழுதுறது சும்மா எழுத்துதான். வீட்டு வாசல்ல அழைப்பு மணின்னு எழுதி ஒட்டிட்டு, கம்பி இழுக்காம விட்டா எப்படி?"

"பத்தொம்பது வருஷமாவா அமுக்கியிருக்கோம்?"

"அமுக்கவே இல்லையே மதினி. ஒரு நூல் மேல நின்னுல்லா சொல்லியிருக்கோம்."

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். ரொசாரி கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஒழுங்காத் தேடினியா?"

"கட்டத்துல இல்ல. சாளரத்துல இல்ல. மேலடுக்கு மட்டும் பாக்கல. செயலிப் பட்டியல் முத்திரை போட்டது. தேர்வாளர்தான் திறக்கணும்."

"அப்ப அங்கதான் இருக்கும்."

"இருக்கலாம்."

"இல்லாட்டா?"

"இல்லாட்டா அலை வார அன்னைக்கு அஞ்சு பேரு உக்காந்து காத்த அமுக்கிட்டு இருப்போம்."

ரொசாரி முந்தானையில் கையைத் துடைத்தாள். கதவுகள் வருவதற்கு முந்தைய வருஷத்து அலையில்தான் அவள் புருஷன் போனான். "இதை இப்பச் சொன்னா நாற்காலிக்காகக் கதை கட்டுதாள்னு சொல்லுவாவ" என்றாள்.

"சொல்லுவாவ. சொல்லாம இருக்க முடியாதே."

ஞாயிறன்று பூசை முடிந்து ஊரே சுவர் மேல் ஏறி நின்றது. கதவுகள் பதினொன்றும் சேர்ந்து மூடுவதை யாரும் பார்த்ததில்லை. சுண்டல் விற்கிறவன்கூட வந்திருந்தான். படகுச் சங்கத் தலைவர் தொம்மை, எல்லாப் படகும் உள்ளே வந்துவிட்டன என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அறையிலேயே நின்றுகொண்டார்.

"சார், ஆரம்பிக்குமுன்ன ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஜெனோவா. சொன்னாள்.

அருமைநாயகத்தின் முகம் மாறவில்லை. "நீங்க பாத்த ரெண்டு அடுக்குல இல்லைன்னா மூணாவதுல இருக்கும்மா. நான் இருநூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"இருந்தா எனக்கும் சந்தோஷம்தான் சார்."

அவரே உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, விரல்களை விரித்து, பழக்கத்தில் ஒரு நூல் உயரத்தில் நிறுத்தினார். பிறகு முதன்முறையாக அந்த ஒரு நூலைக் கடந்து அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. கடல் பதினொரு வழிகளிலும் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

"கவனம் வேற சாளரத்துல நிக்குதோ என்னமோ," என்றார். ஜெனோவா சரியான சாளரத்துக்குக் கவனத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி அழுத்தினார். ரொசாரியை அழுத்தச் சொன்னார். அவளும் அழுத்தினாள். அடுத்த மேசைக்குப் போய் அழுத்தினார்கள். சுவர் மேலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"என்னப்பா, கதவு தூங்குதா?" என்றார் தொம்மை. மேசை மேசையாகப் போகும் அருமைநாயகத்தைப் பார்த்து அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

அருமைநாயகம் பையிலிருந்து முத்திரைப் பலகையை எடுத்து மேலடுக்கைத் திறந்தார். செயலிப் பட்டியலில் நான்கே வரிகள் இருந்தன. அச்சடிக்க ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று, சிறிதாக்க ஒன்று, உதவிக்கு ஒன்று. நான்கையும் இரண்டு முறை படித்தார்.

"சார், நான் ஒருக்கா..." என்றாள் ஜெனோவா.

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஜெனோவா உட்கார்ந்து, வலக்கையால் ஒன்பது, பத்து, பதினொன்று என்று தட்டினாள்.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு வடகோடியிலிருந்து தென்கோடி வரை இரும்பு இறங்கும் சத்தம் வந்தது. சுவர் மேல் நின்ற ஊர் ஆரவாரித்தது. நாற்பது நொடியில் கடல் ஒரு பக்கமும் ஊர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. உள்ளே படகுகள் ஆட்டம் நின்று, தொட்டியில் விட்ட காகிதப் படகுகள் போல அசையாமல் கிடந்தன.

"மூடினோம்," என்றாள் ஜெனோவா. வாய்ப் பழக்கம்.

அருமைநாயகம் படிவத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மா, விதிப்படி உங்க பிணைப்பு மூவிசை செய்யுறதையே செய்யணும்."

"ஆமா சார்."

"செய்யலியே."

"யோவ்," என்றார் தொம்மை.

"சார், அது ஒண்ணுமே செய்யலியே," என்றாள் ரொசாரி.

"அதத்தாம்மா சொல்லுதேன். அது ஒண்ணும் செய்யல. இது கதவ மூடுது. ரெண்டும் ஒண்ணு இல்ல. இப்படியே நான் கையெழுத்துப் போட முடியாது." அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஜெனோவாவைப் பார்த்தார். "மூவிசையைப் பிணைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு வரி சார்."

"எழுதினா உங்களோடது அழிஞ்சிருமா?"

"அழியாது. ரெண்டு விசைக்கு ஒரு செயல் இருக்கலாம், ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் மாதிரி. ஒரே விசைக்கு ரெண்டு செயல் எழுதினாத்தான் பின்னது முன்னத முழுங்கிரும்."

"மேலடுக்குல நான்தான் எழுதணும். ஆனா நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட எழுதினதில்ல. சோதிச்சுத்தான் பழக்கம்." அவர் அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க."

ஜெனோவா சொல்லச் சொல்ல அவர் ஒற்றை விரலால் தட்டினார். இயந்திரத்துக்குத்தான் காது கிடையாது, அவருக்கு இருந்தது. கட்டு என்றாள், கூட்டல் என்றாள், உயர் என்றாள். ஓரிடத்தில் புள்ளி விட்டுப்போயிற்று, "புள்ளி சார்" என்றாள், திரும்பிப் போய் வைத்தார். வரியை முடித்து அதை உரக்க ஒரு முறை படித்தார்.

கதவுகளைத் திறந்துவிட்டு, விரல்களை விரித்து மூவிசையை அழுத்தினார். தரை அதிர்ந்தது. இரும்பு வரிசையாக இறங்கியது. அவர் விரல்களை எடுக்காமல் நாற்பது நொடியும் அப்படியே இருந்தார்.

"இப்ப ரெண்டும் ஒண்ணு," என்று படிவத்தை எடுத்தார். 'கை: தகுதி உண்டு / இல்லை' என்று அச்சடித்திருந்ததில் 'கை' என்ற சொல்லை அடித்து, மேலே 'பிணைப்பு' என்று எழுதி, 'உண்டு' என்பதைச் சுழித்தார். கீழே குறிப்பு என்ற இடத்தில் நிறைய எழுதினார். நிழல் அழுத்தம் இன்றோடு நிறுத்தம், மாதம் ஒரு ஞாயிறு நிஜ அழுத்தம், ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்ற மாற்றுப் பிணைப்பு ஒன்று எழுதி வைக்க வேண்டும், மற்ற ஊர்க் கதவுகளையும் உடனே பார்க்க வேண்டும். கடைசி வரியைப் போட்டபோது பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

"எல்லாம் சரி, கதவத் திறந்து விடுங்கட்டி," என்றார் தொம்மை. "நாளைக்கு மீன் வேண்டாமா?"

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அருமைநாயகம் பையை மூடாமல் நின்றார். "ஒண்ணு கேக்கணும்மா. இது வேலைச் சம்பந்தம் இல்ல."

"கேளுங்க சார்."

"எங்க அம்மா பாளையங்கோட்டையில இருக்காங்க. வீட்டுக் கதவுக்கு ரெண்டு விசை, சேத்து அழுத்தணும். விரல்லாம் கோணிப் போச்சு. ஆறு வருஷமா நான் வந்து திறந்தாத்தான் வெளிய வருவாங்க. விசை அப்படித்தானே, நாம என்ன செய்யன்னு இருந்துட்டேன்."

"அந்தக் கதவுப் பட்டியல் பூட்டியா இருக்கு?"

"தெரியல. பாத்ததே இல்ல."

"போய்ப் பாருங்க சார். திறந்திருந்தா ஒரு வரிதான்."

அவர் அடுத்த வண்டிக்குக் காத்திருக்காமல் சுவர் மேலேயே வேகமாக நடந்து போவதை ரொசாரி சன்னல் வழியே பார்த்தாள். "மனுசன் ஓடுதான் பாரு," என்றாள். ஜெனோவா பார்க்கவில்லை. அவர் கேட்ட கேள்வி அவளுக்குள் வேறெங்கோ போய் இடித்து நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அடுக்களைக்குள் போனாள். ரொசாரி வந்து பார்த்தபோது அடுப்பு மேசை மேல் தலைகீழாகக் கிடந்தது.

"என்னத்தட்டி கவுத்துப் போட்டிருக்க?"

"ஊர்க் கதவுக்கு ஒரு வாரம் பட்டியலப் படிச்சேன் மதினி. இதுக்கு ஒரு பட்டியல் இருக்கும்னு பதினோரு மாசமாத் தோணவே இல்ல." அடிப்பலகையில் சிறிய மூடி ஒன்று இருந்தது. நகத்தால் நெம்பினாள். பூட்டு இல்லை. உள்ளே கைநகம் அகலத் திரையில் மூன்று வரிகள் ஒளிர்ந்தன.

"அந்த யோசனைக்காரன வீணாவா திட்டினோம்?"

"வீணாத்தான். பாவம், அவன் மூடியப் பூட்டாமத்தான் வச்சிருக்கான்."

அவற்றின் கீழே நான்காவதாக ஒரு வரி எழுதி, அடுப்பை நிமிர்த்தி வைத்து, வலதுபக்க விசையை ஒரே விரலால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தட்டு தட்டினாள். தீ வந்தது. பிறகு ஜெனோவா தண்ணீரை ஏற்றினாள். ரொசாரி சீனி டப்பாவை எடுத்தாள்.

"ஒரு பங்கு," என்றாள் ஜெனோவா.

"இன்னைக்கு ரெண்டு," என்று சொல்லிவிட்டு, விசைக்கு ஊன்றுகோலாக இருந்த கரண்டியை எடுத்து அதனாலேயே அள்ளிப் போட்டாள் ரொசாரி.